கடைசி இடத்துக் கேசட்

சிங்கப்பூரிலிருந்து மாமா கேசட்டுகள் அனுப்பியது அழித்துப் பதிவதற்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நாங்கள் மூன்று பேரும் வசதியாக மறந்துபோன விஷயம் அதுதான்.

மாமா என்றால் அப்பாவுடைய அக்காவின் கணவர். கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய தெருவில் அத்தை வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. அந்தத் தெருவில் பிறந்து விமானம் ஏறிய முதல் ஆள் மாமா. கட்டட வேலைக்குப் போயிருந்தார். போன ஆறாவது மாதம் ஊருக்கு வந்த ஒருவர் மூலம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன்னும், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒன்பது கேசட்டுகளும் கொடுத்தனுப்பினார். புதுக் கேசட்டைவிடப் பழைய கேசட் மலிவு என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கட்டாக வாங்கியவை. கூடவே ஒரு கடிதம். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும், காகிதத்தை மடித்து அவற்றில் அடைத்தால் சிவப்புப் பட்டன் கீழே இறங்கும், உள்ளே இருக்கும் பாட்டு அழிந்து உங்கள் குரல் பதியும், எல்லாரும் பேசி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்.

தொலைபேசி இல்லாமல் இல்லை. மெயின் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் ஒன்று வந்திருந்தது. ஆனால் அங்கே பேசுவது என்பது கடைக்காரருக்கும், தங்கள் முறைக்குக் காத்திருக்கும் நாலு பேருக்கும் முன்னால் பேசுவது. "நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம்" என்பதற்கு மேல் அத்தைக்கு அங்கே வாய் வராது.

கேசட்டில் பேசுவதென்றால் அத்தை வேறு ஆள். தலை வாரி, பவுடர் போட்டு, ஆராதனைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொள்வாள். மாமாவுக்கு முகமா தெரியப்போகிறது என்று என் அண்ணன் சிரித்தால், "சேலை நல்லா இருந்தாத்தான் பேச்சு நல்லா வரும்" என்பாள். முதலில் நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவோம். பிறகு அவள் ஆரம்பிப்பாள். "என்னங்க, உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், அவர் பதில் சொல்ல இடம் விடுவதுபோல. மழை, நடவு, கல்யாணங்கள், சபையில் நடந்த சண்டை எல்லாம் வரும். கடைசியில் "எல்லாரும் வெளிய போங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். பத்து நிமிடம் கழித்துத் திறக்கும்போது அவள் முகம் கழுவிவிட்டது போல இருக்கும்.

இப்படி இரண்டு கேசட்டுகள் போயின. மூன்றாவதை எடுத்துக் குழியை அடைப்பதற்கு முன், உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று அத்தான் பட்டனைத் தட்டினான். அத்தான் அத்தையின் ஒரே மகன், பாலிடெக்னிக்கில் முதல் வருடம். அண்ணன் பிளஸ் ஒன். நான் ஆறாம் வகுப்பு.

யாரோ ஒருவன் கோபமாக, மூச்சு விடாமல், தாளத்தை உதைத்துக்கொண்டே பேசினான். ராப் என்ற வார்த்தை எங்களுக்குத் தெரியும். சினிமாப் பாட்டின் நடுவில் நாலு வரி வரும். முழுக் கேசட்டும் அப்படியே இருக்க முடியும் என்பதுதான் தெரியாது. அதோடு சேர்த்து மீதியிருந்த ஏழையும் போட்டுப் பார்த்தோம். ஏழும் ராப். எங்கோ ஒரு பையன் தன் சேகரிப்பை மொத்தமாக விற்றுத் தொலைத்திருக்க வேண்டும். வீட்டில் அவனை அடித்தார்களோ, பட்டாளத்துக்குப் போனானோ தெரியாது. அவன் காதல் முழுவதும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அட்டைகளில் இருந்த பெயர்கள் சுவரில் கிறுக்கியது போன்ற எழுத்தில் இருந்ததால் படிக்க முடியவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். சிரிக்கும்போது மின்னுகிறவன் தங்கப்பல். ஒவ்வொரு பாட்டையும் ரயில் சத்தத்தோடு தொடங்குகிறவர் ரயில்காரர். அவருக்கு மட்டும் ஏனோ மரியாதை. தொண்டையைச் செருமிவிட்டே ஆரம்பிக்கிறவன் இருமல். முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு பேர் இரட்டையர். ஒரே ஒரு பெண் இருந்தாள். தொளதொளவென்று ஒரு ஜாக்கெட், பாக்கெட்டுக்குள் கைகள், படம் எடுத்தவனைப் பார்க்காத கண்கள். அவளுக்கு அக்கா என்று பெயர் வைத்தது நான்.

மூன்றாவது முறை பேச அத்தைக்குக் கேசட் தேவைப்பட்டபோதுதான் சிக்கல் வந்தது. ஏழில் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். எதை? அதற்காகப் பிறந்ததுதான் எங்கள் தரவரிசை.

மாமாவின் பணத்தில் அத்தை வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் எழும்பி, கூரை போட்டு, பூச்சு இல்லாமல் நின்றிருந்தன. ஜன்னலுக்குக் கதவு கிடையாது. செங்கல் சுவரில் தாளம் மோதித் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, அந்த அறையில் கூடுவோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு அண்ணன் சுவரில் ஒட்டியிருந்தான். தாளம், வார்த்தை, மூச்சு என்று மூன்று பாடம், ஒவ்வொன்றுக்கும் நூறு மதிப்பெண். மூச்சுக்கு அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். எத்தனை விநாடி மூச்சு வாங்காமல் போகிறான் என்று கணக்கு. இரட்டையர் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்வதால் அவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான் தர வேண்டும் என்று ஒரு ஞாயிறு முழுவதும் வாக்குவாதம் நடந்தது.

அண்ணன் வார்த்தைக் கட்சி. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஆங்கில அகராதியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ரீவைண்ட் செய்து செய்து, ரயில்காரரின் ஒரு பாட்டை முக்கால்வாசி எழுதி எடுத்துவிட்டான். அவர் அம்மா வீடு கூட்டும் வேலைக்குப் போவது பற்றியது அந்தப் பாட்டு என்று சொன்னான். அத்தான் தாளக் கட்சி. தங்கப்பல்தான் அவனுக்கு முதலிடம்.

"வார்த்தை புரியாம எப்படிரா மார்க் போடுவே? அவன் காரு வச்சிருக்கேன், செயின் வச்சிருக்கேன்னு பீத்திக்கிட்டிருக்கான். அதுக்குத் தொண்ணூறா?" என்பான் அண்ணன்.

"புரிஞ்சாத்தான் பாட்டா மச்சான்? ஐயர் பிரசங்கத்துல எனக்குப் பாதி புரியறதில்ல. ஆமென் சொல்லாமலா இருக்கேன்? அடியைக் கேளுடா. நம்ம பெரியப்பன் சாவுக்குப் பறை அடிச்சாங்களே, அதே அடி."

அத்தான் செங்கல்மேல் இரண்டு குச்சிகளை வைத்து அடித்துக் காட்டினான். உண்மையிலேயே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அடுத்த நிமிடம் அப்பா பின்வாசலில் வந்து நின்றார். அப்பா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அந்த அடியிலிருந்து எங்களை வெகு தூரம் கூட்டிவந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தவர். "அதை நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தலைகுனிந்தான். அத்தான் குச்சிகளைக் கீழே போடவில்லை, ஆனால் அடிக்கவுமில்லை.

இரண்டு கட்சி என்பதால் எப்போதும் இழுபறி. அதனால் முடிவு சொல்லும் உரிமை எனக்கு வந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி. இரண்டு பேரும் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். நான் நேர்மையாக இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டேன்.

முதல் தரவரிசையில் இருமல் கடைசி. மூன்று பேருக்கும் சம்மதம். குழியில் காகிதம் அடைத்து அத்தையிடம் கொடுத்தோம். அத்தை பேசினாள், கேசட் போயிற்று. பதிலுக்கு மாமாவின் கடிதம் வந்தது. அவர் எப்போதும் இரண்டு தாள் எழுதுவார். ஒன்றை அண்ணன் எல்லாருக்கும் சத்தமாகப் படிப்பான். மடித்து ஒட்டிய இன்னொன்று அத்தைக்கு மட்டும். பொதுத் தாளில், கர்த்தருடைய கிருபையால் நலம், போன கேசட்டில் சத்தம் குறைவாக இருக்கிறது, இனிமேல் பெட்டியைக் கிட்ட வைத்துப் பேசவும் என்று இருந்தது. தன்னுடைய தாளை அத்தை அடுப்படியில் நின்றே படித்தாள். படித்துவிட்டு வேதாகமத்துக்குள் வைத்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோயிருந்தது, அதுதான் எனக்கு ஞாபகம்.

அடுத்த தரவரிசையில் அக்கா கடைசி இடத்துக்கு வந்துவிட்டாள்.

"பொம்பளை ராப்பு எடுபடலை" என்றான் அத்தான். அண்ணன் அகராதியோடு உட்கார்ந்தும் அவள் வார்த்தைகளைப் பிடிக்க முடியாததால் நாற்பதுக்கு மேல் தர மாட்டேன் என்றான். முதல் முறையாக இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்துவிட்டது. என் ஓட்டு செல்லாக்காசாகிவிட்டது.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கும் புரிந்ததில்லை. ஆனால் யாரும் குறுக்கிடாமல் ஒரு பெண் முக்கால் மணி நேரம் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒரு விஷயத்தைத் தொடங்கினால் அப்பா முடித்துவைப்பார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெட்மாஸ்டர் உள்ளே வருவார். இவளை நிறுத்த யாருமே வரவில்லை. அதற்காகவே அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதே வீட்டில், அதே டூ இன் ஒன்னுக்கு முன்னால், இன்னொரு பெண்ணும் யாரும் குறுக்கிடாமல் பேசியதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அத்தை குளித்துச் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அக்காவின் கேசட் காகிதம் அடைத்துத் தயாராக டூ இன் ஒன்னுக்குள் இருந்தது. அறையில் யாரும் இல்லை. மூடியைத் திறந்து, குழிகளிலிருந்த காகிதத்தை ஹேர்பின்னால் நெம்பி எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். மூடியைச் சாத்தினேன்.

அத்தை வந்து உட்கார்ந்தாள். சிவப்புப் பட்டனை அழுத்தினாள். அது இறங்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"ரிப்பேர் ஆயிட்டுது அத்தை" என்றேன். "நேத்தே அப்படித்தான் இருந்துச்சு."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு டூ இன் ஒன்னைப் பார்த்தாள். பட்டன்மேல் விரல் வைத்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சரி, விடு" என்றாள். எழுந்து போய் நல்ல சேலையை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

அத்தானுக்கும் அண்ணனுக்கும் சாயங்காலமே தெரிந்துவிட்டது. குழியைப் பார்த்ததும் அத்தான் என் காதைப் பிடித்தான், பிறகு மெல்ல விட்டான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. பட்டன் ரிப்பேர் என்றால் அக்கா மட்டும் தப்பவில்லை. ஆறு கேசட்டும் தப்பின. அத்தான் பாலிடெக்னிக் படிக்கிறவன், அதனால் அவன் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு உண்டு. உள்ளே ஹெட் போய்விட்டது, இங்கே பார்ட்ஸ் கிடைக்காது என்றான். அத்தை, அப்படியா என்றாள். மாமாவுக்கும் அதையே எழுதிப் போட்டான்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வீட்டிலிருந்து குரல் எதுவும் சிங்கப்பூருக்குப் போகவில்லை.

மாமா கேட்காமல் இல்லை. ஒவ்வொரு பொதுத் தாளிலும் கேட்டார். பட்டன் சரியாயிற்றா. பக்கத்துத் தெருவில் யாரிடமாவது இரவல் வாங்க முடியுமா. ஒரு தடவை போன் செய்தபோது, "கேக்கலை, கேக்கலை" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். லைன் சரியில்லை என்று பூத்காரர் சொன்னார். நாங்களும் அதையே வீட்டில் சொன்னோம்.

பிறகு அவரிடமிருந்து ஒரு கேசட் வந்தது. வேலை நடக்கும் இடத்திலேயே சாப்பாட்டு நேரத்தில் பேசியிருந்தார். மண்ணுக்குள் தூண் இறக்கும் வேலை அது என்று பிற்பாடு தெரிந்தது. அவர் குரலுக்குப் பின்னால், ஒரே சீராக, பூமியையே அறைவதுபோல ஒரு சத்தம். டம்ம். கொஞ்சம் இடைவெளி. டம்ம். அதற்கு நடுவே மாமா, நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே வந்துவிட்டார்கள், குத்தாலத்துக்காரர் ஒருவர் பக்கத்துக் கட்டில், சோறு பரவாயில்லை என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு தடவையாச்சும் சத்தமாப் பேசி அனுப்புங்க" என்றார்.

அத்தை ஒரு முறை கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாங்கள் அதை அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேட்டோம். "மச்சான், இதுதான்டா பீட்டு" என்றான் அத்தான். தங்கப்பல்லிடம்கூட இப்படி ஒரு அடி கிடையாது என்று அண்ணனே ஒத்துக்கொண்டான். அத்தான் அந்த டம்முக்கு ஏற்ப ஒரு ராப் கட்டினான். கீழ்வேளூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் வழியில் வரும் பஸ் நிறுத்தங்களை எல்லாம் மூச்சு விடாமல் அடுக்கியது. அண்ணன் கடிகாரம் பிடித்தான், முப்பத்தொரு விநாடி. அன்று தரவரிசையில் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தோம். அப்பா டேப் என்று அத்தான் எழுதினான். தாளத்துக்குத் தொண்ணூற்றைந்து. அந்தப் பாடத்தில் எங்கள் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். வார்த்தைக்கு நேராக என்ன போடுவது என்று யாருக்கும் தோன்றவில்லை. கோடு போட்டுவிட்டோம்.

அதற்குப் பின் மாமா எழுதிய தாள்களில் கேசட் பற்றிய கேள்வி நின்றுபோயிற்று. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், முன்தகவல் இல்லாமல் ஒரு வாடகைக் கார் எங்கள் தெருவில் வந்து நின்றது. மாமா இறங்கினார். மெலிந்திருந்தார். அத்தான் அவருக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து "அப்பா" என்றான். மாமா பெட்டியை இறக்கிக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டான். டிரைவர் அவனைப் பார்த்ததைப் பார்த்துத்தான் மாமா திரும்பினார்.

தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு கேள்வி. மாமா ஒவ்வொருவருடைய வாயையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தேவைக்கு மேல் உரத்த குரலில், "என்ன எல்லாரும் இவ்ளோ மெதுவாப் பேசுறீங்க" என்று சிரித்தார்.

என் அப்பா முன்னால் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

தூண் இறக்கும் இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்து, கடைசி ஐந்தாறு மாதத்தில் முழுக்கவே போய்விட்டதாம். கேள்விகளை அண்ணன் தாளில் எழுதிக் காட்டினான், அவர் வாயால் பதில் சொன்னார். பஞ்சு வைத்துப் பார்த்தாராம். மருந்து ஊற்றிப் பார்த்தாராம். வேலை கொடுத்தவர்கள் இனிமேல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரையும் குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. மழை பெய்த கதை சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு பெரிய பெட்டியைத் திறந்தார். சேலைகளுக்கு நடுவே துண்டில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பிரித்து அத்தானிடம் நீட்டினார். புத்தம் புது டூ இன் ஒன்.

"பட்டன் ரிப்பேர்னு எழுதியிருந்தியே" என்றார். "இது நல்லா இறங்கும். கடைக்காரன் பதிஞ்சே காட்டினான். வாங்கினப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் கேட்டுச்சு."

அத்தான் கை நீட்டி வாங்கினான். வாங்கியவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அண்ணன் எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விட்டான். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிரிக்காமலே, மடிப்பைச் சரிசெய்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமா பின்கட்டு அறைகளைப் பார்க்க வந்தார். அவர் உழைப்பில் எழும்பிய சுவர்களை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையால் தடவிக்கொண்டே வந்தவர் காலண்டர் தாளின் முன்னால் நின்றார்.

"என்னடா இது, பரீட்சை மார்க்கா?"

அத்தான் பென்சிலால் சுவரிலேயே எழுதினான், பாட்டுக்கு மார்க். மாமா மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார். தங்கப்பல் என்ற இடத்தில் சிரித்தார். விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது. அப்பா டேப். தாளம் தொண்ணூற்றைந்து. வார்த்தைக்குக் கோடு.

அண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். எனக்கு வலித்தது.

"தாளத்துக்கு இவ்ளோ மார்க்கா" என்றார் மாமா. கொஞ்சம் பெருமைகூட இருந்தது அந்தக் குரலில். "அது நான் இல்லடா. மிஷினு."

அத்தான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். மாமாவுக்கு ஏன் என்று தெரியவில்லை. மார்க்கைக் கிண்டல் செய்ததாக நினைத்துவிட்டானோ என்று குனிந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல மார்க்குதான்டா, நல்ல மார்க்குதான்" என்று அந்த அறை அதிரும் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு நாங்கள் தரவரிசை போடவில்லை. போட வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. அடுத்த ஞாயிறு அண்ணன் அகராதியை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். எது பெரிது, தாளமா வார்த்தையா என்று அவர்கள் இரண்டு பேரும் பேசி அதன் பிறகு நான் கேட்டதில்லை.

இனி நான் சொல்லப்போவது அதற்கு நாலைந்து நாள் கழித்து நடந்தது. பகல் பொழுது. அத்தான் பாலிடெக்னிக்குக்குப் போயிருந்தான். மாமா கொல்லைப் படியில் வெயிலில் முதுகு காட்டி உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நாலடி பின்னால் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அம்மாவுக்குப் புளி வாங்க வந்தவள், கதவோரம் நின்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

மாமா வந்த நாளிலிருந்து தெருவில் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள். அத்தை ஒருத்திதான் கத்தவில்லை. அன்றும் அவள் தன் சாதாரணக் குரலில், கீரையைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"மிஷின்ல கோளாறு ஒண்ணுமில்லைங்க. புள்ளைங்க பொய் சொல்லுதுன்னு எனக்கு அப்பவே தெரியும். குழியில அடைக்கிற காகிதத்தைக் காணோம். கிழிச்சு அடைக்க எனக்குத் தெரியாதா."

மாமா காம்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் கோணல் பார்த்தார்.

"மூணாவது டேப்பைக் கேட்டுட்டு எழுதுனீங்க, உன் குரலைக் கேட்டா என்னால இங்க இருக்க முடியலை, எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடறேன்னு. நான் பயந்துட்டேன். வீடு பாதியில நிக்குது. அவன் படிப்பு முடியலை. இன்னும் ரெண்டு வருசம் தாக்காட்டினா எழுந்துடலாம்னு நெனச்சேன். புள்ளைங்க ரிப்பேருன்னு சொன்னப்ப, சரி, இதுவும் நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்."

கீரைத் தண்டு ஒவ்வொன்றாக ஒடிந்தது.

"நான் பேசி அனுப்பியிருந்தா நீங்க அப்பவே கெளம்பி வந்திருப்பீங்க. காதோட வந்திருப்பீங்க."

சொல்லிவிட்டு அவர் முதுகைப் பார்த்தாள். மாமா செதுக்கிக்கொண்டிருந்தார். மரச்சீவல் அவர் காலடியில் விழுந்தது. அத்தை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அத்தை மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை வருடம் பேசிய பழக்கத்தில், அவருக்குக் கேட்காது என்பதை மறந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள், பாவம், அவருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று தோன்றியது. ரிப்பேர் என்று பொய் சொன்னவள் நான். ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று அந்த நாட்களில் தவித்துக்கொண்டும் இருந்தேன். ஓடிப்போய் மாமாவின் தோளைத் தட்டினேன். அத்தை உங்களிடம் பேசுகிறாள் என்று கையால் காட்டினேன்.

மாமா உளியைக் கீழே வைத்துவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கி, அத்தையின் உதட்டையே பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு ஆவல்.

அத்தையின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் பெரிதாக வரைந்து, "சாப்பிட வாங்க" என்றாள்.

மாமா சரியென்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் எனக்குப் புளி எடுத்துக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் செய்த உதவிக்கு அவள் ஏன் அப்படி இருந்தாள் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.